எல்லை வரிசை

ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் பயிற்சி.
மாசம் ஆறாயிரம், மதியச் சோறு,
மோட்டார் ரூமை ஒட்டி ஒரு கயிற்றுக் கட்டில்.
ஆழ்வார்குறிச்சி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது
பையில் புது ரப்பர் பூட்ஸ் இருந்தது.
ஜெபக்கனி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் இடது காலுடையதைச் சேறு வாங்கிக்கொண்டது.
இன்னும் தரவில்லை.

அவளுக்கும் எனக்கும் முப்பத்தொன்று.
நாலு வருஷம் முந்திச் சேற்றில் இறங்கியவள், அவ்வளவுதான்.
எதைக் கேட்டாலும்
"தெரியாதுவே, போட்டுப் பாப்போம்."
புடலைப் பந்தல் எவ்வளவு உயரம்?
போட்டோம்.
என் நெற்றிக்குத் தெரிந்தது.

கத்தரி நாற்றென்று பத்து நாள்
நான் பொத்திப் பொத்தித் தண்ணீர் விட்டது
ஊமத்தை.
களை பறிக்க வந்த இசக்கித்தாய்
"ஊமத்தைக்கும் ஒரு தகப்பன் வேணும்லா" என்றாள்.
அந்தச் சிரிப்பு
வரப்பு வரப்பாகக் கிழக்கே போய்
பொழுது சாய்ந்துதான் திரும்பியது.

மத்திச் செதிலும் குடலும் வெல்லமும்
நீல டிரம்மில் இருபது நாள் புளித்தன.
வடிகட்டிய அன்று ஊருக்குப் போனேன்.
திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும்
நெருக்கியடித்த பஸ்ஸில்
என் பக்கத்து சீட் மட்டும் காலி.

பி.காம். என்பதால்
பதிவேடு என் பொறுப்பு.
தேதி, வரிசை, தெளித்தது, பறித்தது, எடை.
சான்றுக்கு ஆள் வரும்போது
செடியைப் பார்க்குமுன் அதைத்தான் பார்ப்பார்களாம்.
கார்த்திகை மழை நாலு நாள் விடாமல் பெய்ததில்
ஒரு பக்கம் முழுக்க
"வடிகால் வெட்டினோம்" என்றே இருக்கிறது,
என் கையெழுத்தில், வர வரக் கோணலாக.

மார்கழி பதினெட்டு, காலை ஏழு மணி.
வடக்கு வேலிக்கு அந்தப் பக்கம்
சங்கிலிபூதம் அண்ணன், முதுகில் டேங்க்.
அவர் மிளகாயில் இலைப்பேன்.
வாடை திடீரென்று எழுந்தது.
வேலியோரம் நட்ட அகத்தி
இன்னும் என் இடுப்புக்கு வரவில்லை.
வெண்டையில் எல்லை வரிசை மூன்றும்
லேசாக நனைந்து மினுங்கின.
பனி என்றும் சொல்லலாம்.
பார்த்தது நான் மட்டும்,
சாட்சிக்கு என் மூக்கு.

தேதியை எழுதினேன்.
அப்புறம் பேனா ஓடவில்லை, கணக்குதான் ஓடியது.
அன்றைய பறிப்பு நாற்பது கிலோ.
பாளையங்கோட்டைக் கடையில் அறுபது,
பாவூர்ச்சத்திரம் சந்தையில் இருபத்திரண்டு.
ஆயிரத்து ஐநூற்று இருபது ரூபாய்க்கு
ஒரு காலிக் கட்டம்.

ஜெபக்கனி வந்தாள், ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தாள்.
"மழை பேஞ்சா கழுவிரும்" என்றாள்,
என்னைப் பார்த்து இல்லை.
தொட்டிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினாள்.
டீ ஆறியது.
"எத்தன வரிசைன்னு போட்டிருக்க?"
"இன்னும் போடல."
"மூணு" என்றாள்.
வாசல்வரை போய் நின்று,
"நாலுன்னு போடு.
நாலாவதுல எனக்குச் சந்தேகம்."

போட்டேன்.
அந்தக் கட்டத்தில் மட்டும்
எழுத்து கோணவில்லை.

வெறும் சாக்கில், சீட்டு ஒட்டாமல்
சந்தைக்குப் போனது வெண்டை.
தரகர் ஒன்றை ஒடித்துப் பார்த்து
"பிஞ்சு" என்றார்.
வேறெதுவும் கேட்கவில்லை.
திரும்பும் வழியில் நாங்களும் பேசவில்லை.

சாயங்காலம் அண்ணன் வேலியோரம் நின்றார்.
"மிளகா மேல கடன் கிடக்கு தம்பி."
தெரியும் என்றேன், தெரியாமல்.
மறுவாரம் மருந்தடிக்குமுன்
இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.
படுதாவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.
பாதி வரிசை மறைந்தது.
மீதியையும் எழுதினேன்.

தை பிறந்து ஒன்பதாம் நாள் சான்றிதழ் தந்தாள்.
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
திருத்தித் தரட்டுமா என்றாள்,
வேண்டாம் என்றுவிட்டேன்.
வெண்டைச் சுணை ஏறிய முழங்கை
வீட்டில் சோப்புப் போட்டும் அரிக்கிறது.

சித்திரையில் உழும்போது
இடது பூட்ஸ் மேலே வரலாம்.
வந்தால்
தேதியும் வரிசையும் போட்டு
எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.